மானூர்ப் புல்லில் ரவையும் கருப்பட்டியும்

இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக் கினிப்பன்றிகள் இரண்டையும் தராசில் வைத்தபோது ரவை 955 கிராம், கருப்பட்டி 1,020 கிராம். கடையில் வாங்கும் டிமோத்தி புல் ஒரு இழைகூட இல்லாமல், திருநெல்வேலியை அடுத்த மானூர்ப் பக்கத்துக் கொழுக்கட்டைப் புல்லை மட்டுமே காய்ந்த புல்லாகத் தின்று முப்பது நாள் ஆன பிறகு வந்த எடை இது. புரட்டாசியில் தொடங்கிய வேலை, சித்திரை பிறந்துதான் கைகூடியிருக்கிறது. நடுவில் ஒரு கண் காயம், ஒரு மூட்டை பூஞ்சை, பல நாள் கவலை எல்லாம் உண்டு. கினிப்பன்றி வளர்க்கும் வேறு யாராவது இந்த ஊர்ப் பக்கம் இதே வேலையில் இறங்கினால் என் நோட்டு உதவும் என்பதால் நடந்தபடி எழுதுகிறேன்.

ரவையும் கருப்பட்டியும் அக்காள் தங்கை. இரண்டு வயது தாண்டிவிட்டது. என் தம்பி வேலைக்காக வெளிநாடு போகும்போது எங்களிடம் விட்டுப் போனான். திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் பக்கத்தில்தான் எங்கள் வீடு. பையன் ஆறாம் வகுப்பு. அவன்தான் இவைகளுக்கு எல்லாம். ஆனால் புல்லுக்குப் பணம் கொடுப்பது நான். கினிப்பன்றிக்குக் காய்ந்த புல் பக்கத் தீனி இல்லை, அதுதான் சாப்பாடே. பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதால் நாளெல்லாம் நார்ப்புல்லை அரைத்துக்கொண்டே இருந்தால்தான் பல் தேயும், குடலும் ஓடும். இரண்டுக்கும் சேர்த்து மாதம் மூன்றரைக் கிலோ டிமோத்தி ஆனது. கூரியர் செலவோடு கிலோ 780 ரூபாய். மாதம் 2,730 ரூபாய். டிமோத்தி குளிர்நாட்டுப் புல். நம் சமவெளி வெயிலில் அது விளையாது. அதனால் அந்த விலை இறங்கும் என்று காத்திருப்பதில் பயனில்லை. போன ஆவணியில் கூரியர் ஒன்பது நாள் தாமதமானது. பெட்டியில் அடியில் கிடந்த தூளைக் கூட்டிக் கூட்டிப் போட்டேன். அந்த ஒன்பது நாள்தான் என்னை இதில் தள்ளியது.

முதலில் கையில் எடுத்தது வைக்கோல். சுத்தமல்லிப் பக்கம் கார் அறுவடை முடிந்த நேரம். என் வீட்டுக்காரர் பைக்கின் பின்னால் ஒரு கட்டு வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். 50 ரூபாய். புது வைக்கோல், பொன் நிறம், நல்ல வாசம். இரண்டும் உள்ளே புகுந்து புகுந்து விளையாடின, குகை செய்து தூங்கின. தின்னவில்லை. நுனியில் ஒட்டியிருந்த இலையை மட்டும் கொறித்துவிட்டுத் தண்டை விட்டுவிட்டன. பழகிவிடும் என்று நான்கு நாள் டிமோத்தியைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தேன். புழுக்கை சின்னதாக, கூராக, குறைவாக விழ ஆரம்பித்தது. ரவை 940-லிருந்து 885-க்கு இறங்கிவிட்டாள். இவ்வளவு சின்ன உடம்பில் 55 கிராம் பெரிய இழப்பு. அன்றே நிறுத்தினேன். நெல் வைக்கோலில் மணல்சத்து அதிகம், சத்து குறைவு. நான்கு அறை வயிறு உள்ள மாட்டுக்கே அதோடு வேறு தீவனம் வேண்டியிருக்கிறது. அந்தக் கட்டு பிறகு கூண்டுக்கு அடியில் விரிப்பாகப் போனது. அதற்கு நல்லதாகவே இருந்தது.

அந்த வாரமே ஒரு கால்நடை மருத்துவரிடம் இரண்டையும் காட்டினேன். பல்லைப் பார்த்தார், வயிற்றைத் தடவிப் பார்த்தார். அவர் சொன்ன மூன்று விஷயங்களை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். புல்லை மாற்றும்போது வேறு எதையும் மாற்றாதீர்கள். வாரம் இரண்டு தடவை எடை போடுங்கள். பன்னிரண்டு மணி நேரம் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் விடியும்வரை காத்திருக்காமல் கூட்டி வாருங்கள். குதிரைமசால் என்ற தீவனச் செடியைப் போடலாமா என்றும் கேட்டேன், ஏனென்றால் தீவனக் கடையில் அதைத்தான் எல்லாரும் சொன்னார்கள். வேண்டாம் என்றார். அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம். வளரும் குட்டிக்கும் சினையாக இருப்பதற்கும் சரி, வளர்ந்து முடிந்ததற்கு நாள்பட மூத்திரப்பையில் கல் சேரும். வேலிமசால், கடலைக்கொடி எல்லாமே இதே பயறு வகைச் செடி என்பதால் அவற்றையும் அடித்துவிட்டேன். எனக்கு வேண்டியது புல், புல் மட்டும் என்பது அன்று தெளிவானது.

ஐப்பசியில் கோ-4. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், மாடு வைத்திருக்கிறவர்கள் தோட்டத்தில் எல்லாம் நிற்கிறது. 12 கிலோ 60 ரூபாய்க்குக் கிடைத்தது. தண்டு சின்னக் கரும்பு மாதிரி இருந்தது. இலையை உருவி, தண்டை அரிவாள்மணையில் விரல் நீளத்துக்கு நறுக்கி, மொட்டை மாடியில் காயப் போட்டேன். இரண்டாம் நாள் மதியம் மழை. அள்ளிக்கொண்டு வந்து முன்னறையில் மின்விசிறிக்கு அடியில் பரப்பினேன். மூன்றாம் நாள் தொட்டுப் பார்த்தால் சரசரவென்று காய்ந்த மாதிரிதான் இருந்தது. பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினேன். ஐந்தாம் நாள் பைக்குள் கையை விட்டால் சூடு. புளித்த வாடை. கொட்டிப் பார்த்தால் தண்டுத் துண்டுகளின் நடுவில் வெள்ளையாகப் பூஞ்சை. வெளித்தோல் காய்ந்திருந்தது, உள்ளே ஈரம் அப்படியே நின்றிருக்கிறது. பூஞ்சை பிடித்த புல் கினிப்பன்றிக்கு மூச்சையும் குடலையும் சேர்த்துக் கெடுக்கும் என்பதால் ஒரு பிடியைக்கூடப் பொறுக்கி எடுக்கவில்லை. மொத்தமும் எருக்குழிக்குப் போனது.

கார்த்திகை முழுக்க மழை. ஒன்றும் செய்யாமல் டிமோத்தியே வாங்கிப் போட்டேன்.

கொழுக்கட்டைப் புல் வந்தது பெரிய மாமாவால். என் வீட்டுக்காரரின் பெரியப்பா, மானூர் தாண்டி உள்ளே ஒரு ஊரில் இருக்கிறார். ஆடு இருபதுக்கு மேல் உண்டு. மார்கழி கடைசியில் ஒரு துக்க வீட்டுக்காக அங்கே போனபோது, வந்த வேலை முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது, இந்தப் பாட்டை எல்லாம் சொன்னேன். அவர் எழுந்து போய் வேலியோரத்தில் ஒரு கைப்பிடி அறுத்துக்கொண்டு வந்து என் மடியில் போட்டார்.

"இதக் குடுத்துப் பாரு தாயி. ஆடு வேற எல்லாத்தையும் தள்ளிட்டு இதத்தான் தேடும்."

மெல்லிய தண்டு, நீள இலை, நுனியில் பூனை வால் மாதிரி மென்மையான கதிர். மானாவாரிக் கரிசலிலும் செம்மண்ணிலும் தானாகவே வரும் புல். இதிலேயே நீலக் கொழுக்கட்டை என்று ஒரு ரகத்தை மேய்ச்சலுக்காக விதைக்கவும் செய்கிறார்கள். தண்டு மெல்லியது என்றதும் எனக்குக் கோ-4 ஞாபகம் வந்தது. இது உள்ளே வரை காயும் என்று தோன்றியது. அன்றே எட்டுக் கிலோ ஒரு சாக்கில் கட்டிப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

அந்த எட்டுக் கிலோவில்தான் பெரிய தவறு செய்தேன். ஐப்பசி மழைக்கு முளைத்த புல் மார்கழி கடைசியில் கதிர் முற்றி விதை உதிர நிற்கும். அதை அப்படியே காயவைத்துப் போட்டேன். ஆர்வமாகத் தின்றார்கள், நானும் சந்தோஷப்பட்டேன். மூன்றாம் நாள் காலை கருப்பட்டி இடது கண்ணை மூடியே வைத்திருந்தாள். இமையைச் சுற்றி ஈரம். பையன் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று அழுதான். மருத்துவர் ஆரஞ்சு நிறச் சொட்டு விட்டு, நீல வெளிச்சத்தில் கண்ணைப் பார்த்தார். கருவிழியில் பச்சையாக ஒரு கீறல் தெரிந்தது. இமைக்கு அடியிலிருந்து கதிரின் முடி ஒன்றை எடுத்தார், கால் அங்குலம்கூட இருக்காது. ஏழு நாள் சொட்டு மருந்து, ஒரு நாளைக்கு நான்கு வேளை. மருந்தோடு 620 ரூபாய். கண் சரியாகிவிட்டது. ஆனால் புல்லுக்குள் தலையை விட்டுத் தேடித் தின்னும் பிராணிக்கு முற்றிய கதிரைப் போடக்கூடாது என்பதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். அவள் வலியோடு இருந்த ஒரு ராத்திரியை இன்னும் மறக்க முடியவில்லை.

பெரிய மாமாவுக்குப் போன் செய்து சொன்னேன். அவருக்கு வருத்தமாகிவிட்டது.

"முத்துன புல்லயா அள்ளிட்டுப் போன? எளசா அறுத்தாக் காய வச்சா ஒண்ணும் மிஞ்சாது. வெத விழுந்த பொறவு வெறும் குச்சி. கதிரு எட்டிப் பாக்கையில அறுக்கணும் தாயி. ஆட்டுக்குன்னு கார்த்திகை கடைசியில ஒரு பக்கம் அறுத்தேன், அது மறுபடி தழைச்சு நிக்கி. தை பாதியில வா."

தை 15 வாக்கில் போனோம். அறுத்து ஏழு வாரம் ஆன மறுதழை. இலை அடர்த்தி, தண்டு மெலிது, பத்தில் இரண்டு மூன்று தூரில்தான் கதிர் வெளியே வந்திருந்தது. காலை ஒன்பதரை வரை பனி காயக் காத்திருந்து, பிறகுதான் பண்ணருவாளை வைத்தார்கள். அறுத்தவர்கள் இரண்டு பேர், அவர்கள் கூலியோடு ஒரு தலைச்சுமை 180 ரூபாய் என்று பேச்சு. மூன்று சுமை. தொங்கு தராசில் 65 கிலோ. லோடு ஆட்டோவுக்கு 500 ரூபாய். அறுக்கும்போதே பார்த்தீனியம், எருக்கு, நெருஞ்சி எதுவும் கட்டுக்குள் வராமல் நான் கூடவே குனிந்து பொறுக்கினேன். வீட்டில் வந்து பொறுக்கிக்கொள்ளலாம் என்று விட்டால் காய்ந்த பிறகு எது என்ன என்று தெரியாது.

காயவைப்பதைப் பற்றி இந்தத் தடவை முன்கூட்டியே யோசித்திருந்தேன். நம் பக்கம் புல் இருக்கும் மாதத்தில் அது சரியாகக் காயாது, நன்றாகக் காயும் மாதத்தில் புல் இருக்காது. ஆனி, ஆடியில் கயத்தாறு பக்கம் காற்றாலை எல்லாம் சுழன்று தள்ளும் அந்தக் காற்றில் எதைப் போட்டாலும் ஒரே நாளில் காய்ந்துவிடும், ஆனால் மானாவாரிக் காடு அப்போது மொட்டையாக இருக்கும். தையில் புல் உண்டு, வெயிலும் உண்டு, ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கே பனி இறங்கிவிடும். பகலில் காய்ந்தது ராத்திரியில் மறுபடி நனையும். அதனால் தினமும் சாயங்காலம் உள்ளே எடுத்து, காலையில் வெளியே வைக்க வேண்டும். 65 கிலோவைத் தினம் இரண்டு தடவை அள்ளுவது நடக்கிற காரியமா?

பந்தல் போடுகிறவரிடம் எட்டடி மூங்கில் கழி 12 வாடகைக்கு வாங்கினேன், ஐந்து நாளைக்கு 240 ரூபாய். புல்லை அரைக்கிலோ அரைக்கிலோவாகப் பிரித்து, அடியில் வாழைநாரால் கட்டி, தலைகீழாகக் கழிக்குப் பத்துக் கட்டாகத் தொங்கவிட்டோம். மொட்டை மாடியில் தகரக் கொட்டகைக்குக் கீழே, இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு அதன் முதுகில் கழியைத் தாங்க வைத்தோம். வெயில் படாது, காற்று புகுந்து புகுந்து வெளியேறும். சாயங்காலம் ஐந்தரைக்கு நானும் என் வீட்டுக்காரரும் இரண்டு முனையிலும் பிடித்துக் கழியோடு தூக்கி உள்ளறையில் வைத்துவிடுவோம். பன்னிரண்டு கழிக்குக் கால் மணி நேரம் ஆகும். காலை ஒன்பது மணிக்கு மறுபடி வெளியே. 120 கட்டு, 60 கிலோ இப்படி.

மிச்சம் ஐந்து கிலோவை வேண்டுமென்றே முழு வெயிலில் கயிற்றுக் கட்டிலில் கொசுவலை விரித்துப் பரப்பினேன். எது நன்றாக வருகிறது என்று பார்க்க வேண்டும் என்ற ஆசை. அது இரண்டே நாளில் காய்ந்துவிட்டது. ஆனால் நிறம் வெளுத்து வைக்கோல் மாதிரி ஆனது, கையால் எடுத்தால் இலையெல்லாம் நொறுங்கி வலைக்குக் கீழே தூளாக விழுந்தது. நிழலில் காய்ந்ததோ ஐந்தாம் நாளும் மங்கிய பச்சையில் நின்றது, இலை தண்டை விட்டுப் பிரியவில்லை. வாசம்தான் பெரிய வித்தியாசம். நிழல் புல்லை முகர்ந்தால் லேசான இனிப்பு. வெயில் புல்லில் தூசி வாடை மட்டும். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது ரவை ஒரு நொடிகூட யோசிக்காமல் நிழல் புல்லுக்குப் போனாள்.

காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதில் கோ-4 கற்றுக் கொடுத்த பாடம் மனதில் இருந்தது. தொட்டுப் பார்ப்பதை நம்பவில்லை. இரண்டு சோதனை செய்தேன். தண்டின் கணுவைக் கட்டைவிரல் நகத்தால் கீறினால் தோல் உரியக் கூடாது, வளைத்தால் படக்கென்று ஒடிய வேண்டும். இரண்டாவது உப்பு. தூள் உப்பை வாணலியில் வறுத்து ஆறவைத்து, காய்ந்த ஊறுகாய்ப் பாட்டிலில் இரண்டு ஸ்பூன் போட்டு, கத்தரியால் நறுக்கிய புல் ஒரு பிடி சேர்த்து, மூடி இரண்டு மூன்று நிமிடம் குலுக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் வைத்திருப்பேன். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் மிச்சம் இருக்கிறது. மூன்றாம் நாள் ஒட்டியது. நான்காம் நாள் கட்டின் நடுவில் இருந்த புல்லில் லேசாக ஒட்டியது. ஐந்தாம் நாள் மதியம் உப்பு மணல் மாதிரி உதிர்ந்தது. அப்போதுதான் இறக்கினேன். தானியத்துக்குச் செய்கிற சோதனை இது, புல்லுக்கும் நன்றாகவே பொருந்துகிறது.

60 கிலோ பச்சை 18 கிலோ 600 கிராமாகச் சுண்டியிருந்தது. தடித்த தண்டு, வெளியே வந்த கதிர் எல்லாவற்றையும் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து கத்தரியால் கழித்தோம். கருப்பட்டியின் கண்ணுக்குப் பிறகு பையன் ஒரு கதிரைக்கூட விடவில்லை. கையில் நின்றது 16 கிலோ 500 கிராம்.

கணக்கு: புல் 540, ஆட்டோ 500, கழி 240. மொத்தம் 1,280 ரூபாய். கிலோவுக்கு 78 ரூபாய் வருகிறது. டிமோத்தியில் பத்தில் ஒரு பங்கு. தராசு 350 ரூபாய்க்கு ஆவணியிலேயே வாங்கிவிட்டேன், அதை இதில் சேர்க்கவில்லை. வைக்கோல், கோ-4, கண் சிகிச்சை எல்லாம் சேர்ந்த 730 ரூபாயைச் சேர்த்தாலும், முதல் மாதச் சேமிப்பிலேயே அது கழிந்துவிட்டது.

சேமிக்க ஐந்து சணல் சாக்கு. பிளாஸ்டிக்கை இனித் தொடுவதாக இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஜங்ஷன் பக்கம் தண்ணீர் ஏறியதிலிருந்து எங்கள் வீட்டில் எதையும் தரையில் வைப்பதில்லை. சாக்குகளையும் மர பெஞ்சின் மேல், சுவரில் ஒட்டாமல் வைத்தேன். அத்தை நல்ல எண்ணத்தில், பூச்சி வராமல் இருக்க அரிசிக்குப் போடுகிற மாதிரி ஒரு சாக்கில் வேப்பிலையை அடுக்கிவிட்டார்கள். அந்தச் சாக்குப் புல்லை ஒரு வாரம் இரண்டும் தொடவே இல்லை. கசப்பு வாடை ஏறிவிட்டது. கொடியில் உதறிப் போட்டு நான்கு நாள் காற்றாட விட்ட பிறகுதான் தின்றார்கள். இப்போது மாதம் ஒரு தடவை சாக்கைக் கொட்டி, உதறி, பகல் முழுக்கக் காற்றில் வைத்து மறுபடி கட்டுகிறேன். இதுவரை பூச்சி இல்லை.

இனி மாற்றியது எப்படி என்று சொல்ல வேண்டும். இதற்குத்தான் ஐந்து வாரம் பிடித்தது. மாசி முதல் நாள் 100 கிராம் டிமோத்தியோடு 20 கிராம் கொழுக்கட்டையைக் கலந்து போட்டேன். ரவை ஒவ்வொரு இழையாகப் பிரித்து டிமோத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் காலுக்குக் கீழே தள்ளினாள். கருப்பட்டி அவளைப் பார்த்து அதையே செய்தாள். பிரிக்க முடியாதபடி செய்தால் என்ன என்று இரண்டையும் இரண்டு அங்குலத்துக்கு நறுக்கிக் கலந்தேன். அப்போதும் தின்னவில்லை. நறுக்கிய முனை கூராக வாயில் குத்துகிறது, அதோடு நீள இழையை இழுத்து இழுத்துத் தின்பதுதான் அவர்களுக்குப் பிடித்த வேலை. நான்கு நாள் இதில் வீணானது. பிறகு நறுக்காமல், முழு நீளப் புல்லைக் கையால் முறுக்கித் தளர்வாகத் திரி மாதிரி ஆக்கி, நடுவில் டிமோத்தி வெளியே கொழுக்கட்டை என்று கட்டித் தொங்கவிட்டேன். உள்ளே இருப்பதை எடுக்க வெளியே இருப்பதைக் கடித்துத்தான் ஆக வேண்டும். இது பலித்தது.

இன்னொன்றும் உதவியது. இரண்டு புல்லையும் ஒரே சாக்கில் ஒரு வாரம் சேர்த்தே வைத்திருந்தேன், வாசம் கலந்துவிட்டது. காலையில் பசியோடு குரல் கொடுக்கும் நேரத்தில் கீரையைக் கொடுக்காமல் முதலில் புல், அரைமணி கழித்துத்தான் கீரை. கீரையின் அளவையோ வகையையோ மாற்றவில்லை. கினிப்பன்றிக்கும் நம்மைப் போல வைட்டமின் சி உடம்பில் ஊறாது. அதற்குக் கொத்தமல்லியும் குடைமிளகாயும் கொய்யாத் துண்டும் எப்போதும் போல.

இரண்டாம் வாரம் 40 கிராம். மூன்றாம் வாரம் பாதிக்குப் பாதி. அங்கே நின்றுவிட்டது. ரவை 950-லிருந்து 925-க்கு வந்து ஆறு நாள் அங்கேயே நின்றாள். புழுக்கை அளவு குறையவில்லை, சுறுசுறுப்பாகத்தான் இருந்தாள், ஆனாலும் நான் மேலே ஏற்றவில்லை. அட்டவணையை விட அவள் எடைதான் முக்கியம் என்று அதே பாதியில் பத்து நாள் வைத்திருந்தேன். எடை ஏறத் தொடங்கிய பிறகே அடுத்த படி. பங்குனி 7 அன்று டிமோத்தி நின்றது.

அருகம்புல்லையும் கொஞ்சம் சேர்க்கப் பார்த்தேன். சதுர்த்திக்குப் பிள்ளையாருக்கு மாலை கட்டும் பூக்காரம்மாவிடம் பத்து ரூபாய்க்கு ஒரு கத்தை வாங்கிக் காயவைத்தேன், மணமாக இருந்தது. எங்கிருந்து வருகிறது என்று கேட்டபோது வாழைத்தோட்ட வரப்பு என்றார். அங்கே களைக்கொல்லி அடிப்பார்கள். அதை விட்டுவிட்டேன். இப்போது உடைந்த பிளாஸ்டிக் தொட்டி இரண்டில் நானே வளர்க்கிறேன். வாரம் ஒரு கைப்பிடிதான் வரும், அதைப் பச்சையாகவே கொடுத்துவிடுகிறோம்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். வெப்பநாட்டுப் புல்லில் ஆக்சலேட் என்ற பொருள் உண்டு, கொழுக்கட்டையிலும் உண்டு. மூத்திரப்பையில் கல் சேரும் பயம் அதிலும் இருக்கிறது. மூத்திரத்தில் வெள்ளை மாவு படிகிறதா, சிவப்பு தெரிகிறதா, போகும்போது கத்துகிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். கூண்டின் ஒரு மூலையில் வெள்ளைத் துணி விரித்து, வாரம் ஒரு நாள் பார்க்கிறேன். இதுவரை சுத்தமாகத்தான் இருக்கிறது. தண்ணீர்ப் பாட்டிலை இரண்டாக்கினேன். ஒரே புல்லில் நிற்காமல் இன்னொரு புல்லும் கலக்க வேண்டும் என்றும் சொன்னார். அது இன்னும் பாக்கி.

மாதம் இப்போது 4 கிலோ 200 கிராம் ஆகிறது. டிமோத்தியைவிட அதிகம், ஏனென்றால் அடித்தண்டை மிச்சம் வைக்கிறார்கள். அந்த மிச்சம் பெரிய மாமாவின் ஆட்டுக்கே திரும்பிப் போகிறது. 16 கிலோ 500 கிராம் நான்கு மாதத்துக்குக் கிட்டத்தட்டப் போதும். மாற்றும்போது குறைவாகச் செலவானதால் ஆனி கடைசி வரை வரும் என்று நினைக்கிறேன். ஒரு கிலோ டிமோத்தியைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருக்கிறேன், உடம்பு சரியில்லாத நாளுக்கு.

அடுத்த தடவை இரண்டு மாற்றம். கதிரைக் கத்தரியால் கழித்த இரண்டு சாயங்காலத்தை மிச்சப்படுத்த, ஏழு வாரத்துக்குப் பதிலாக ஆறு வாரத்திலேயே அறுக்கச் சொல்லப் போகிறேன். எடை கொஞ்சம் குறையும், பரவாயில்லை. கழியில் அரைக்கிலோ கட்டும் பெரிது, நடுவில்தான் ஈரம் தங்கியது. 300 கிராம் போதும்.

ஆனிக்குப் பிறகுதான் கவலை. மானாவாரிக் காட்டில் அப்போது ஒன்றும் இருக்காது. பெரிய மாமா கிணற்றடியில், ஆட்டுக்குத் தண்ணீர் ஊற்றும் தொட்டிக்குப் பக்கத்தில், இரண்டு சென்ட்டை வேலி அடைத்துக் கொழுக்கட்டைத் தூர்களைப் பெயர்த்து நட்டிருக்கிறார். தொட்டியில் வழியும் தண்ணீர் அதற்குப் பாய்கிறது. போன வாரம் பையன் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அவன் முழங்கால் உயரம் வந்துவிட்டதாம். அந்தக் காற்று அடிக்கும் நாளில் அறுத்தால் கழியும் வேண்டாம், தூக்கி இறக்குவதும் வேண்டாம், ஒரே நாளில் காய்ந்துவிடும் என்கிறார். ஒரு நாளில் காய்ந்தாலும் உப்புப் பாட்டிலை எடுத்துக்கொண்டுதான் போவேன்.